டிரசர் புத்தகத்தில் ஏறாத வலி

"கவர்மெண்டு நமக்கு என்னத்தைச் செஞ்சிச்சு?" என்று கேட்காத தோட்டமே இல்லை. சம்பளச் சீட்டைக் கையில் வாங்கி, சொக்சோ என்று பிடித்திருக்கும் காசைப் பார்க்கும்போது இந்தக் கேள்வி இன்னும் கொஞ்சம் சூடாக வரும். கேள்வி நியாயமானதுதான், தோழர்களே. நம் உடம்பை வைத்தே அதற்குப் பதில் தேடிப் பார்க்கலாம் என்று, இந்த முறை மருந்து மாத்திரைகளை ஒதுக்கிவிட்டுச் சில கூட்டரசு இலாகாக்களைப் பற்றி எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்ன விளக்கம். நம் நாட்டில் நிலம் மாநில அரசாங்கத்தின் பொறுப்பு. ஆனால் ஆஸ்பத்திரி, மருத்துவம், தொழிலாளர் விவகாரம், சமூகப் பாதுகாப்பு ஆகியவற்றை அரசியல் சாசனம் கூட்டரசின் கையில் கொடுத்திருக்கிறது. தோட்டம் கெடாவில் இருந்தாலும் சரி, ஜொகூரில் இருந்தாலும் சரி, வேலையில் பட்ட காயத்துக்கு ஒரே சட்டம், ஒரே கணக்கு. நல்ல துரை வந்தால் ஒரு மாதிரி, கெட்ட துரை வந்தால் வேறு மாதிரி என்று மாறுகிற காரியம் அல்ல. இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். துரை மனம் வைத்தால் மருந்து, வைக்காவிட்டால் வேப்பிலை என்று இருந்த காலத்தை நம் பாட்டன் பாட்டிகளிடம் கேட்டவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இப்போது அரிசிக்கு வருவோம்.

புழுங்கல் அரிசிச் சோறு என்றால் இன்று நம் பிள்ளைகளில் பலர் முகத்தைச் சுளிக்கிறார்கள். "வாடை அடிக்குது, வெள்ளைச் சோறு போடுங்கம்மா" என்கிறார்கள். இந்தப் புழுங்கல் அரிசிதான் ஒரு காலத்தில் நம் முன்னோரின் உயிரைக் காத்தது. அதைக் கண்டுபிடித்துச் சொன்னவர்களில் இந்நாட்டுக் கூட்டரசின் ஆராய்ச்சிக் கழகமும் ஒன்று.

நூறு வருஷத்துக்கு முன்பு இங்கே பெரிபெரி என்று ஒரு நோய் இருந்தது. கால் மரத்துப் போகும். பிறகு வீங்கும். நடை தள்ளாடும். கடைசியில் இதயம் களைத்து நின்றுவிடும். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் இதனால் விழுந்தார்கள். சிறைச்சாலைகளிலும் மனநோய் மருத்துவமனையிலும் இதே கதைதான். ஆனால் அதே ஊரில், அதே மழையில் நனைந்து, அதே கொசுக்கடியில் கிடந்த தமிழ்த் தொழிலாளர்களுக்கு இந்த நோய் வருவது மிக அபூர்வமாக இருந்தது. தொற்று நோயா, மண்ணில் உள்ள விஷமா என்று டாக்டர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள்.

நெகிரி செம்பிலானில் அரசாங்க டாக்டராக இருந்த பிராடன் என்பவர் சாப்பாட்டைக் கவனித்தார். சீனர்கள் தின்றது நன்றாகத் தீட்டிய பச்சரிசி. தமிழர்கள் தின்றது புழுங்கல் அரிசி. கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் டாக்டர் ஃபிளெட்சர் 1905இல் தொடங்கி நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் பச்சரிசியும் மறு பிரிவுக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்துப் பார்த்தார். பெரிபெரி பச்சரிசிப் பிரிவைத்தான் தாக்கியது.

அப்போது பேரா, சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் ஒரே கூட்டரசாக இருந்தன. அந்தக் கூட்டரசு 1900இல் கோலாலம்பூரில் தொடங்கிய நோய் ஆராய்ச்சிக் கழகத்திலிருந்து ஃபிரேசர், ஸ்டான்டன் என்ற இரண்டு டாக்டர்கள் கிளம்பினார்கள். நெகிரி செம்பிலானில் துரியான் திப்புஸ் என்ற இடத்தில் காட்டுக்குள் ரோடு போட வந்த சுமார் 300 ஜாவானியத் தொழிலாளர்களை இரண்டு கூட்டமாகப் பிரித்து, ஒன்றுக்கு வெள்ளை அரிசி, மற்றதற்குப் புழுங்கல் அரிசி கொடுத்தார்கள். சில மாதங்களில் வெள்ளை அரிசிக் கூட்டத்தில் பெரிபெரி தலைகாட்டியது. அவர்களைப் புழுங்கலுக்கு மாற்றியதும் நோய் நின்றது. புழுங்கல் தின்ற கூட்டத்துக்கு வெள்ளை அரிசியைக் கொடுத்ததும் நோய் அங்கே போனது. 1909இல் முடிவை வெளியிட்டார்கள்.

(கூலிகளின் உடம்பை வைத்து நடந்த சோதனை இது. அந்தக் காலத்தில் கூலியிடம் சம்மதம் கேட்கும் வழக்கம் கிடையாது. இன்று எந்த இலாகாவும் அப்படிச் செய்ய முடியாது, செய்யவும் கூடாது.)

காரணம் இதுதான். நெல்லைத் தீட்டத் தீட்ட, மேல் தவிட்டோடு ஒரு சத்தும் போய்விடுகிறது. நெல்லை ஊறவைத்து உமியோடு அவிக்கும்போது அந்தச் சத்து அரிசிக்குள் இறங்கிக்கொள்கிறது. பிறகு தீட்டினாலும் அவ்வளவாகப் போவதில்லை. இன்று அதற்கு வைட்டமின் பி1 என்று பெயர். வைட்டமின் என்ற சொல்லே பிறக்காத காலத்தில் இதைக் கண்டுபிடித்தார்கள். நம் ஊர்ப் பெண்கள் பானையில் நெல் அவித்தபோது அவர்களுக்கும் இந்தச் சத்தைப் பற்றித் தெரியாது. தெரியாமல் செய்த காரியம் பிழைக்க வைத்தது.

இந்தக் கதையை ஏன் இவ்வளவு நீட்டினேன் என்றால், எந்தத் தனி ஆளும் இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. சுரங்கத்தில் செத்தவனுக்குத் தெரியாது. அவனுக்குப் பக்கத்தில் படுத்தவனுக்கும் தெரியாது. யார் செத்தார்கள், எங்கே செத்தார்கள், என்ன தின்றார்கள் என்று ஆஸ்பத்திரிகளில் எழுதி வைத்த புத்தகங்கள் பல ஊர்களிலிருந்து ஒரே இடத்துக்கு வந்ததால் தெரிந்தது. கூட்டரசு இலாகா என்பதன் உண்மையான வேலை இதுதான். பல ஊர் வலியை ஒரே மேசையில் வைத்துப் பார்ப்பது. ஆராய்ச்சிக் கழகம் இன்றும் சுகாதார அமைச்சின் கீழ் வேலை செய்கிறது.

மலேரியாவும் அப்படித்தான். ரப்பர் நடுவதற்காகக் குன்றுக் காடுகளை வெட்டினார்கள். நிழலில் ஓடிய ஓடைகளில் வெயில் பட்டது. தெளிந்த, வெயில் படும் ஓடை நீரில் முட்டையிடும் ஒரு வகைக் கொசுவுக்கு அது விருந்தாகிவிட்டது. லயத்துக்கு லயம் காய்ச்சல். புதிதாகக் கப்பலில் வந்து இறங்கியவர்கள் வருஷம் திரும்புவதற்குள் மண்ணுக்குள் போனார்கள். கிள்ளானில் டாக்டர் வாட்சன் 1901 முதல் வடிகால் வெட்டி, பிறகு தோட்டங்களிலும் நிலத்தடிக் குழாய் பதித்து, எண்ணெய் தெளித்துக் கொசுவைக் கட்டுப்படுத்தும் வழியைக் காட்டினார். 1911இல் கூட்டரசு மலேரியா ஆலோசனை வாரியம் அமைத்தது. சுதந்திரத்துக்குப் பிறகு 1967இல் மலேரியா ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. வயதானவர்களுக்கு ஞாபகம் இருக்கும்: முதுகில் பம்பு மாட்டிக்கொண்டு வந்து வீட்டுச் சுவரெல்லாம் மருந்து அடித்துவிட்டுப் போவார்கள், விரல் நுனியைக் குத்திக் கண்ணாடித் துண்டில் இரத்தம் எடுப்பார்கள். "வீட்டை நாசம் பண்ணிட்டாங்க" என்று அன்று திட்டினோம். 2018 முதல் மனித மலேரியா உள்நாட்டில் ஒருவருக்கும் தொற்றவில்லை. வராத காய்ச்சலுக்கு யார் நன்றி சொல்வார்கள்?

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை. குரங்கிலிருந்து கொசு வழியாக மனிதருக்கு வரும் மலேரியா இன்னும் இருக்கிறது. சபாவில் அதிகம், தீபகற்பத்திலும் காட்டோரத் தோட்டங்களில் வருகிறது. இந்தக் கிருமி உடம்புக்குள் ஒரே நாளில் பெருகும். ஆளைச் சீக்கிரம் சாய்த்துவிடும். காட்டோரம் வேலை செய்கிறவருக்குக் குளிரும் காய்ச்சலும் வந்தால் பனடோல் போட்டுக்கொண்டு மூன்று நாள் பார்க்க வேண்டாம். கிளினிக்கில் "நான் காட்டுப் பக்கம் வேலை செய்றேன் டாக்டர்" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தைதான் இரத்தப் பரிசோதனையை வரவழைக்கும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இலாகாவுக்குக் கண் நம் தோட்டத்து டிரசர் புத்தகத்திலும் கிளினிக் அட்டையிலும் இருக்கிறது. மலேரியா, டெங்கி, காசநோய் போன்ற நோய்களைக் கண்ட டாக்டர் சுகாதார இலாகாவுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்று 1988ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. வேலையில் நடந்த விபத்து, நஞ்சேறுதல், தொழில்நோய் ஆகியவற்றை வேலையிடப் பாதுகாப்பு சுகாதார இலாகாவுக்கு அறிவிக்க வேண்டும் என்று 2004ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. சட்டம் எல்லாம் சரி. ஆனால் நாமே வாய் திறக்காவிட்டால் டாக்டர் எதை எழுதுவார்?

செம்பனை வெட்டுகிறவரைப் பாருங்கள். மட்டையை இழுக்கும்போது தூசியோ முள்ளோ கண்ணில் விழுகிறது. கண்ணைக் கசக்கிக்கொண்டு மாலை வரை வேலை. வீட்டுக்கு வந்தால் யாராவது தாய்ப்பால் விடச் சொல்வார்கள். யாராவது கடையில் ஒரு சொட்டு மருந்து வாங்கித் தருவார்கள். இரண்டுமே ஆபத்து. செடிப் பொருள் குத்திய கண்ணில் பூஞ்சக் கிருமி பிடிக்கும். சில சொட்டு மருந்துகளில் ஸ்டீராய்டு இருக்கும். சிவப்பு குறைந்தது போலக் காட்டிவிட்டு உள்ளே புண்ணை வளர்க்கும். பத்து நாளில் கண்மணியில் வெள்ளை விழுந்தபின் ஆஸ்பத்திரிக்கு ஓடுவார்கள். டாக்டர் "எப்படி ஆச்சு?" என்று கேட்டால் "தெரியல டாக்டர், சும்மாதான் செவந்துச்சு" என்பார்கள். அவ்வளவுதான். ஆஸ்பத்திரிக் காகிதத்தில் வேலை என்ற சொல்லே இல்லை. கண் போனது வீட்டிலா, தோட்டத்திலா? நாளைக்கு சொக்சோவில் யார் சாட்சி சொல்வது?

சொக்சோ என்று நாம் சொல்லும் பெர்கேசோ, 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 1971இல் தொடங்கியது. வேலை விபத்துத் திட்டத்துக்கான சந்தாவை முதலாளிதான் கட்டுகிறார். நம் சம்பளத்தில் பிடிப்பது அதற்கல்ல. அது உடல் இயலாமைப் பென்ஷன் திட்டம் முதலிய மற்றத் திட்டங்களுக்கு. வேலையில் சேர்ந்த முதல் நாளே விபத்து நடந்தாலும் பாதுகாப்பு உண்டு. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில், வேறு எங்கும் சுற்றாமல் போகும்போது மோட்டார் சைக்கிளில் விழுந்தாலும் உண்டு. விபத்து நாளையும் சேர்த்து நாலு நாளுக்குக் குறையாமல் எம்.சி. கிடைத்தால், சராசரி நாள் சம்பளக் கணக்கில் 80 விழுக்காடு கிடைக்கும். நிரந்தர ஊனம் என்றால் டாக்டர்கள் குழு பார்த்து, இழப்பின் அளவுக்கு ஏற்ப மொத்தமாகவோ மாதா மாதமோ பணம் கொடுக்கும். குழு சொன்னது சரியில்லை என்று பட்டால் மேல்முறையீடு செய்யலாம். அதற்குக் காலக்கெடு உண்டு, ஆகவே கடிதம் வந்த அன்றே கிளைத் தலைவரிடம் காட்டுங்கள்.

விபத்தை 48 மணி நேரத்துக்குள் பெர்கேசோவுக்குத் தெரிவிப்பது முதலாளியின் கடமை. அவர் செய்யாவிட்டால் தொழிலாளியே போய்த் தெரிவிக்கலாம். இதை நம்மில் பாதிப் பேர் அறிய மாட்டார்கள். "கிராணி பாரம் கொடுக்கல, அதனால விட்டுட்டேன்" என்று சொல்வதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. காண்ட்ராக்டரிடம் வேலை செய்கிறவர்களும் தொழிலாளிகளே. "நீ என் ஆள் இல்லை" என்று தோட்ட நிர்வாகம் கையைக் கழுவிவிட முடியாது.

மருந்து அடிக்கும் பெண்களின் கதை இன்னும் கசப்பானது. பாராகுவாட் என்ற களைக்கொல்லியைப் பல ஆண்டுகள் நம் தோட்டங்களில் அடித்தார்கள். நகம் கழன்றது, மூக்கில் இரத்தம் வந்தது, தோல் வெந்தது. வாய்க்குள் ஒரு மடக்கு போனாலும் நுரையீரல் கெட்டுச் சாவு. மாற்று மருந்து கிடையாது. 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்தப் பூச்சிமருந்தை விற்கலாம், எதை விற்கக்கூடாது என்று முடிவு செய்வது கூட்டரசின் பூச்சிக்கொல்லி வாரியம். 2002இல் தெனாகானித்தா அமைப்பு, மருந்து அடிக்கும் பெண்களின் உடல் நிலையைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. அதே ஆண்டில் வாரியம் பாராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்துவதாக அறிவித்தது. 2006இல் அந்தத் தடையைத் தளர்த்தியது. கடைசியில் 2020 ஜனவரி முதல் தேதி முழுத் தடை வந்தது.

இடையில் போனது பதினேழு வருஷத்துக்கு மேல். இலாகாவைப் புகழ்வதாக நினைத்து இதை மறைத்துவிட என் பேனா இடம் கொடுக்கவில்லை. மருந்துக் கம்பெனிகளுக்கும் பெரிய தோட்டங்களுக்கும் வாரியத்தின் கதவு எங்கே என்று தெரியும். நம் பெண்களுக்குத் தெரியாது. ஆனால் ஒன்று: அந்தப் பெண்கள் தங்கள் நகத்தையும் மூக்கையும் பற்றி வாய் திறந்து சொல்லாமல் இருந்திருந்தால், பேசுவதற்கு அறிக்கையே இருந்திருக்காது. ஒரே கையெழுத்தில் நாடு முழுவதும் ஒரு விஷத்தை நிறுத்துவது கூட்டரசால்தான் முடியும். தோட்டம் தோட்டமாகப் போராடினால் இன்னும் அடித்துக்கொண்டுதான் இருப்போம்.

பாராகுவாட் போய்விட்டது என்பதற்காக மற்ற மருந்தெல்லாம் பன்னீர் என்று நினைக்க வேண்டாம். டின்னின் லேபிளில் உள்ள நிறப் பட்டை விஷத்தின் கடுமையைச் சொல்லும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் நிறத்தைப் பார்க்கலாம். அடித்த துணியைப் பிள்ளைத் துணியோடு போட்டுத் துவைக்கக் கூடாது. காலி டின்னில் தண்ணீர் பிடிக்கவே கூடாது. தலைசுற்றல், வாந்தி, கண் எரிச்சல், சொறி என்று எது வந்தாலும் டிரசரிடம் போகும்போது மருந்தின் பெயரைக் கேட்டுக்கொண்டு போங்கள். முடிந்தால் லேபிளையே படம் எடுத்துக்கொள்ளுங்கள். "மருந்து அடிச்சேன், அப்புறம்தான் இப்படி" என்று சொல்லி, அதை எழுதும்வரை நில்லுங்கள். கையுறையும் முகமூடியும் கொடுக்காமல் அடிக்கச் சொன்னால்? வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் 2024 ஜூன் முதல் திருத்தப்பட்டிருக்கிறது. உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமாக நம்பும் தொழிலாளி அதை முதலாளியிடம் சொல்லி, அவர் ஒன்றும் செய்யாவிட்டால், அந்த இடத்தை விட்டு விலகலாம். அதற்காக அவரைப் பழிவாங்கக் கூடாது என்றும் சட்டத்தில் இருக்கிறது.

எலிக்காய்ச்சலையும் சொல்லாமல் விட முடியாது. உதிரிப் பழம் இருக்கும் இடத்தில் எலி இருக்கும். எலியின் மூத்திரம் கலந்த தண்ணீர் காலில் உள்ள சிறு வெடிப்பு வழியாகக் கிருமியை உள்ளே அனுப்பும். காய்ச்சல், கெண்டைக்காலில் தாங்க முடியாத வலி, கண் சிவப்பு. முற்றினால் மஞ்சள் காமாலை, சிறுநீர் குறைவு. சீக்கிரம் பார்த்தால் சாதாரண ஆன்டிபயாட்டிக் மருந்திலேயே குணமாகும். 2010இல் இதையும் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக்கினார்கள். வேலையால் வந்தது என்று நிலைநாட்டினால் சொக்சோவில் தொழில்நோயாகக் கேட்கவும் வழி உண்டு. பூட்ஸ் போடுங்கள், புண்ணை மூடுங்கள், வயலிலிருந்து வந்த கையோடு சாப்பிட உட்காராதீர்கள்.

"எழுதச் சொன்னா மண்டோர் மூஞ்சைத் தூக்குவாரு, அடுத்த மாசம் நல்ல மலை கொடுக்க மாட்டாரு" என்று சிலர் பயப்படுகிறார்கள். இந்தப் பயம் பொய்யல்ல. ஆகவே தனியாகப் போக வேண்டாம். சம்பவத்தைப் பார்த்த இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள். தேதி, நேரம், எந்த மலை, என்ன வேலை என்று அன்றிரவே ஒரு கொப்பியில் பிள்ளையை விட்டு எழுதச் சொல்லுங்கள். எம்.சி.யும் கிளினிக் அட்டையும் கிராணியிடம் கொடுக்கும் முன் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். பாரம் மலாயில் இருக்கும். ஆறாம் வகுப்புப் பிள்ளையால் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் நிரப்ப முடியும், மீதியைக் கிளையில் பார்த்துக்கொள்ளலாம்.

பக்கத்து லயத்தில் இருக்கும் இந்தோனேசியத் தோழரையும் வங்காளதேசத் தோழரையும் மறந்துவிடாதீர்கள். வெளிநாட்டுத் தொழிலாளர்களை 1993இல் சொக்சோவிலிருந்து விலக்கினார்கள்; 2019 ஜனவரியில்தான் விபத்துத் திட்டத்துக்குள் மீண்டும் சேர்த்தார்கள். 2024 ஜூலை முதல் உடல் இயலாமைத் திட்டத்திலும் இருக்கிறார்கள். இந்தச் செய்தி அவர்களில் பலரை இன்னும் எட்டவில்லை. நாளைக் காலை பிரட்டில் பார்க்கும்போது சொல்லிவிடுங்கள்.